லேப்டாப்புல கைரேகை லாகின் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு: எத முன்னாடி பண்ணணும், எத கடைசியா பண்ணணும்

கைரேகை லாகின ஆஃப் பண்றது 2 நிமிஷ வேலைதான். எனக்கு 35 நாள் ஆச்சு. நடுவுல ஒரு நாள் லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு கம்பம்மெட்டு மலை ஏறி கேரளாவுல உள்ள கட்டப்பனை வரைக்கும் போயிட்டு வந்தேன், ஒருத்தரோட ஒத்த விரலுக்காக. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இத உக்காந்து டைப் பண்றேன்.

நடந்தத சுருக்கமா சொல்லிடுறேன், அது தெரிஞ்சாதான் கீழ உள்ள வரிசை ஏன் இப்பிடி இருக்குன்னு புரியும். வீடு கம்பத்துல, வண்டன்மேடு பக்கம் மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரோட அப்பாவுக்கு, கொஞ்சம் ஏலக்காய் தோட்டம் இருக்கு, அதோட அக்கம்பக்கத்துல காய் வாங்கி விக்கிறோம். ஆள் கூலி, ஜீப் வாடகை, ஸ்டோர்ல காய வச்ச காய் எத்தன கிலோ, போடி ஏலத்துக்கு போனது எவ்வளவு புத்தடி ஏலத்துக்கு போனது எவ்வளவு, எல்லாம் ஒரே லேப்டாப்புல எக்செல்ல கெடக்கு. அந்த லேப்டாப்புல என் பத்து விரல்ல வலது கட்டைவிரல மட்டும்தான் பதிஞ்சு வச்சிருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல விரல வச்சேன் தொறந்துச்சு, வச்சேன் தொறந்துச்சு, பின் நம்பர்னு ஒண்ணு இருக்குறதே மறந்து போச்சு. ஒரு நாள் குக்கர் ஆவி அந்தக் கட்டைவிரல்லயே அடிச்சு கொப்பளம் போட்டிருச்சு. தேதி 17. மாசாமாசம் போடுற ஜிஎஸ்டி கணக்கு, ஜிஎஸ்டிஆர்-3பி, அத போட 20-ஆம் தேதி கடைசி, தவறினா நாளுக்கு 50 ரூபா, வரி கட்ட வேண்டியிருந்தா 18 சதவீதம் வட்டி வேற.

பின் நம்பர கேட்டுச்சு, எனக்கு தெரிஞ்ச எல்லா நாலெழுத்தும் போட்டு பாத்தேன், கல்யாண தேதி, வண்டி நம்பர், எதுவும் இல்ல. கொஞ்ச நேரத்துல "ஏ1பி2சி3"ன்னு டைப் பண்ண சொல்லிச்சு, நான் வைரஸ்தான் வந்துருச்சுன்னு பயந்துட்டேன். (வைரஸ் இல்ல, பல தடவை தப்பா போட்டா தெரியாம கீபோர்டு மேல ஏதும் விழுந்து அமுங்குதா இல்ல மனுசங்கதான் போடுறாங்களான்னு பாக்க விண்டோஸே கேக்குறது.) சரின்னு "ஐ ஃபர்காட் மை பின்" அழுத்துனா ஓடிபி அனுப்புறேன்னுச்சு, எந்த நம்பருக்குன்னா தோட்டத்துல டவர் கெடைக்கணும்னு எப்பவோ கேரளாவுல வாங்குன சிம்முக்கு. அந்த சிம் ரீசார்ஜ் பண்ணாம செத்து போயி ரெண்டு வருஷம் ஆச்சு.

மாமா பாத்துட்டு, "ஏம்மா, பெட்டிய பூட்டி சாவிய உள்ளயே போட்டுட்டியா?"ன்னாரு. அம்புட்டுதான் விஷயம். ரேகைய எடுக்குறதுல கஷ்டமே இல்ல, மத்த சாவி கையில இருக்கான்னு பாக்காம எடுத்தாத்தான் கஷ்டம்.

அதனால கீழ உள்ள 1, 2, 3-ஐ தாண்டி நேரா 4-க்கு போயிறாதீங்க.

1. பின் நம்பர் உண்மையிலேயே தெரியுமான்னு டெஸ்ட் பண்ணுங்க

"தெரியும் தெரியும்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிறது கணக்குல வராது. லேப்டாப் தொறந்து உள்ள இருக்கும்போதே, எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, விண்டோஸ் கீயும் எல்-லும் சேத்து அழுத்துங்க, லாக் ஆகும். விரல வைக்காதீங்க. "சைன்-இன் ஆப்ஷன்ஸ்"னு இருக்கும், அத தட்டுனா சின்ன சின்ன படம் வரும்: ரேகை படம், பின்னுக்கு நம்பர் பலகை மாதிரி ஒண்ணு, சிலருக்கு பாஸ்வேர்டுக்கு சாவி படம். பின் படத்த தட்டி நம்பர போட்டு உள்ள வாங்க.

வந்துட்டீங்களா, நல்லது. நம்பர் ஞாபகம் வரலையா, ரெண்டு தடவைக்கு மேல குருட்டாம்போக்குல போடாதீங்க. விரல வச்சு உள்ள வந்துருங்க, அப்புறம் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ், பின் அப்படிங்கற எடத்துல "ஐ ஃபர்காட் மை பின்" கொடுத்து புதுசு போடுங்க. அதுக்கு நெட்டும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்டும் வேணும், பெரும்பாலும் ஓடிபியும் வேணும். ஓடிபி எங்க போகும்ங்கறதுதான் அடுத்த பாயிண்ட்.

இங்க ஒரு குழப்பம் நெறைய பேருக்கு இருக்கு. பின் வேற, பாஸ்வேர்டு வேற. பின் அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும்தான், பக்கத்து லேப்டாப்புல செல்லாது. பாஸ்வேர்டு உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்கு, அது எங்கயும் செல்லும். விண்டோஸ்ல பின் போடாம ரேகைய பதியவே விடாது, அதனால ரேகை வச்சிருக்குற எல்லாருக்கும் ஒரு பின் கண்டிப்பா இருக்கு. லேப்டாப் வாங்குன அன்னைக்கு கடைக்கார தம்பி "அக்கா ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்டுப் போட்டிருப்பாரு, அந்த கடைக்கே ஒரு ஃபோன் போட்டா கூட சில நேரம் வேலை முடியும். நான் போட்டேன், அவருக்கும் ஞாபகம் இல்ல, அது வேற கதை.

2. அக்கவுண்ட்ல எந்த ஃபோன் நம்பர் இருக்குன்னு பாருங்க

இதுதான் என்ன கவுத்துச்சு, அதனால இங்க கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

பார்டர்ல இருக்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டு சிம் சகஜம். கீழ ஒரு நம்பர், மலைக்கு ஒரு நம்பர். பத்து வருஷத்துல எது எதுக்கு எந்த நம்பர குடுத்தோம்னு யாருக்கு தெரியும்? ப்ரீபெய்டு சிம்ம 90 நாள் கால், மெசேஜ், நெட்னு எதுக்குமே பயன்படுத்தாம விட்டா நம்பர நிறுத்தலாம்ங்கறது டிராயோட (ஃபோன் கம்பெனிகளுக்கு விதி போடுற அரசு அமைப்பு) விதி, பேலன்ஸ் 20 ரூபாயாவது இருந்தா அத பிடிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் விடுவாங்க. அதுக்கப்புறம் அந்த நம்பர் சுத்தி வந்து வேற ஒருத்தர் கையில போயிரும். உங்க ஓடிபி முகம் தெரியாத ஆளுக்கு போகும், ரெண்டு பேருக்குமே வம்பு.

பாக்குறது எப்பிடின்னா, ஃபோன்லயோ வேற கம்ப்யூட்டர்லயோ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் சைட்டுல லாகின் பண்ணுங்க, செக்யூரிட்டிங்கற பக்கத்துல உங்கள சரிபாக்க என்னென்ன வழி வச்சிருக்கீங்கன்னு லிஸ்ட் இருக்கும். அங்க உங்க கையில இப்ப உள்ள நம்பர் ஒண்ணு, கூட ஒரு வேற ஈமெயில் ஒண்ணு, ரெண்டும் இருக்கணும். ஒண்ணு மட்டும் வச்சுக்காதீங்க. புருஷன், பொஞ்சாதி, புள்ளன்னு வீட்ல நம்பிக்கையான ஒருத்தரோட ஈமெயிலயும் போட்டு வைங்க.

கவனிக்க வேண்டியது: பழைய நம்பர் கையில இருந்தா அதுக்கு கோட் வரவச்சு உடனே புதுச சேத்துடலாம். பழசு எதுவுமே கையில இல்லன்னா, "எங்கிட்ட இது எதுவும் இல்ல"ன்னு சொல்லி புதுச குடுக்கலாம், ஆனா 30 நாள் காத்திருக்கணும். யாரோ திருடன் உங்க அக்கவுண்ட புடுங்கிறக் கூடாதுன்னு அந்த 30 நாள், நியாயம்தான், ஆனா நமக்கு அவசரம்னா அவங்களுக்கு என்ன. யார்கிட்டயும் கெஞ்சி குறைக்க முடியாது. நடுவுல பொறுமை இல்லாம மறுபடி மறுபடி மாத்தி குடுத்தீங்கன்னா நாள் முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சிரும், சும்மா இருக்குறதே நல்லது.

அதனால ரேகைய இன்னைக்கு எடுக்கணும்னு அவசரம் இல்லாதவங்க கூட இந்த நம்பர் வேலைய இன்னைக்கே பாத்துருங்க.

3. பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க

நோட்டு ஒண்ணு எடுத்து இத எழுதுங்க: மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் ஈமெயில் எது, பின் நம்பர், பாஸ்வேர்டு, அப்புறம் பிட்லாக்கர் ரிகவரி கீ.

கடைசியா சொன்னது பலருக்கு புதுசா இருக்கும். இப்ப வர்ற விண்டோஸ் 11 லேப்டாப்புல, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட போட்டு செட்டப் பண்ணா, உள்ள இருக்குற டிஸ்க்க நம்மகிட்ட பெருசா கேக்காமலே பூட்டி வச்சிருக்கும், அந்தப் பூட்டுதான் பிட்லாக்கர். சாதாரணமா தெரியாது. ஏதாச்சும் பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) கைய வச்சாலோ போர்டு மாத்தினாலோ திடீர்னு நீல ஸ்க்ரீன்ல 48 நம்பர் கேக்கும், அப்ப அது இல்லன்னா உள்ள உள்ள கணக்கு, ஃபோட்டோ எல்லாம் போச்சு, ஃபார்மேட் தவிர வழியில்ல. அதே அக்கவுண்ட் சைட்டுல டிவைசஸ் பக்கத்துல உங்க லேப்டாப்புக்கு நேரா அந்த கீ இருக்கும். ஃபோட்டோ எடுத்து அதே லேப்டாப்புல சேவ் பண்ணி வைக்காதீங்க, சிரிக்காதீங்க, எங்க வீட்லயே ஒருத்தர் பண்ணாரு.

லேப்டாப் வாங்குன பில்லும் அந்த நோட்டுலயே மடிச்சு வைங்க. எங்கயாவது சர்வீஸுக்கு கொண்டு போயி "பின் மறந்துட்டேன், தொறந்து குடுங்க"ன்னு நின்னா நல்ல கடைக்காரரா இருந்தா பில்லு கேப்பாரு, திருட்டு லேப்டாப்பான்னு சந்தேகப்படுறது அவர் கடமை.

கூடவே முக்கியமான ஃபைல ஒரு பென்டிரைவ்ல காப்பி. இதுக்கு விளக்கம் வேண்டாம்.

4. இப்பதான் ரேகைய எடுக்கணும்

செட்டிங்ஸ் தொறங்க, இடது பக்கம் அக்கவுண்ட்ஸ், அதுல சைன்-இன் ஆப்ஷன்ஸ். மேல முகம், ரேகை, பின்னுன்னு வரிசையா இருக்கும். "ஃபிங்கர்பிரிண்ட் ரெகக்னிஷன்" தட்டுனா கீழ விரியும், "ரிமூவ்" பட்டன் இருக்கும், அழுத்துங்க. சில லேப்டாப்புல நீங்கதானான்னு உறுதி பண்ண பின் கேக்கும், போடுங்க. முடிஞ்சது.

விண்டோஸ் 10-லயும் இதே வழிதான், பேரு மட்டும் "விண்டோஸ் ஹலோ ஃபிங்கர்பிரிண்ட்"னு இருக்கும். (விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் நின்னு போச்சு, அதையும் ஒரு பக்கம் யோசிச்சுக்கங்க.)

ரிமூவ் அழுத்துனா அந்த அக்கவுண்ட்ல பதிஞ்ச எல்லா விரலும் ஒட்டுமொத்தமா போயிரும், "இந்த விரல மட்டும் எடு, அத விடு"ன்னு விண்டோஸ்ல கெடையாது. உங்க விரல வச்சுக்கிட்டு வேற யாரோட விரலயோ மட்டும் எடுக்கணும்னா, எல்லாத்தையும் எடுத்துட்டு உங்களோடத மறுபடி பதியணும்.

அப்புறம் உடனே விண்டோஸ் கீ, எல் அழுத்தி லாக் பண்ணி, பின்ன போட்டு உள்ள வந்து பாத்துருங்க. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணியும் பாருங்க.

பவர் பட்டன்லயே ரேகை சென்சார் இருக்குற மாடல்னா பயப்பட வேண்டாம், ரேகைய எடுத்தாலும் பட்டன் பட்டனாத்தான் வேலை செய்யும்.

மாமா கேட்ட கேள்வி: "அத எடுத்தா ஆதார்ல உள்ள ரேகையும் போயிருமா?" போகாது. லேப்டாப் வச்சிருக்குறது உங்க ரேகையோட படமே இல்ல, அதுல இருந்து எடுத்த ஒரு கணக்கு மாதிரி, அதுவும் அந்த மெஷின விட்டு வெளிய போறதில்ல. ஆதார் ரேகை வேற எடம், அதுக்கு தனியா அங்கீகாரம் வாங்குன மெஷின் வேணும், இ-சேவையிலயும் அந்தப் பக்கம் கேரளாவுல அக்ஷயா சென்டர்லயும் ஒயர் தொங்குற குட்டி டப்பா வச்சிருப்பாங்கள்ல அது.

5. "பாஸ்வேர்டு ஆப்ஷனே வரல"ங்கறவங்களுக்கு

அதே சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்துல கொஞ்சம் கீழ, "அடிஷனல் செட்டிங்ஸ்"ங்கற தலைப்புக்கு அடியில, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்கு விண்டோஸ் ஹலோ (முகம், ரேகை, பின் மூணுக்கும் சேத்து வச்ச பேரு) வழியா மட்டும்தான் லாகின் விடுவேன்னு நீளமா ஒரு வரி, பக்கத்துல ஒரு சுவிட்ச். அது ஆன்ல இருக்குற வரைக்கும் லாக் ஸ்க்ரீன்ல பாஸ்வேர்டு படமே காட்டாது, பின்ன எடுக்குற பட்டனும் மங்கலா கெடக்கும். ஆஃப் பண்ணுங்க, லாக் பண்ணி பாருங்க, பாஸ்வேர்டுக்கு சாவி படம் வந்திருக்கும்.

இந்த ஒரு சுவிட்ச் எனக்கு 18-ஆம் தேதி தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே கத முடிஞ்சிருக்கும். ஏன்னா பாஸ்வேர்டு எனக்கு தெரியும், டைரியில எழுதி வச்சிருந்தேன், போடுறதுக்குத்தான் எடமே காட்டல.

பின்னயும் சேத்து தூக்கணுமான்னு கேட்டா, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்ட தொறக்க சில நேரம் அந்த பின்னத்தான் கேக்கும், பாஸ்வேர்டுக்கு பதிலா பாஸ்கீன்னு இப்ப அங்கங்க போட சொல்றாங்களே, லேப்டாப்புல வச்ச பாஸ்கீக்கும் அதேதான். ரேகைய மட்டும் எடுத்தா இது எல்லாம் பின்ன வச்சு பழையபடி ஓடும்.

6. அடுத்தவங்க விரல் உள்ள இருக்கா?

கட்டப்பனை கதை இதுதான். எங்ககிட்ட கணக்கு பாத்துக்கிட்டு இருந்த தம்பி ஒருத்தர் வேலைய விட்டு எட்டு மாசம் ஆச்சு, மலையாளி, கட்டப்பனையில இப்ப வேற எடத்துல இருக்காரு. வேலைக்கு சேந்த புதுசுல தோட்டத்துல வச்சு அடிக்கடி தொறக்கணும்னு அவரோட விரலயும் என் அக்கவுண்ட்லயே பதிஞ்சு விட்டிருந்தோம். 17-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு திடீர்னு அது ஞாபகம் வந்துச்சு. காலைல ஃபோன் போட்டா, "சேச்சி, என்றெ விரல் இப்போழும் அதிலுண்டோ?"ன்னு சிரிக்கிறாரு. பஸ் ஏறிட்டேன். மழை, புளியன்மலை பக்கம் முன்னாடி போற வண்டியே தெரியாத மூடுபனி, லேப்டாப்ப சேலைத் தலைப்புல சுத்தி மடியில வச்சிருந்தேன். அவரு வேலை பாக்குற எடத்து வாசல்ல நின்னு, சட்டையில விரல துடைச்சுட்டு வச்சாரு, டக்குனு தொறந்துருச்சு.

சந்தோசம் ரெண்டு செகண்டுதான். அப்புறம் வயித்த கலக்குச்சு. நல்ல பையன், ஒண்ணும் பண்ண மாட்டாரு, ஆனா எட்டு மாசமா எங்க பேங்க் கணக்கு, ஆள் கூலி எல்லாம் அவரோட விரல் நுனியில கெடந்திருக்கு, நாங்க நிம்மதியா தூங்கிருக்கோம்.

அதனால வேலைக்கு ஆள் மாறுனா, தம்பி மச்சான் யாராவது இருந்துட்டு போனா, சந்தேகமே வேண்டாம், ஒரு தடவை எல்லா ரேகையும் ரிமூவ் பண்ணி உங்களோடத மட்டும் திரும்ப பதிங்க. ஒரே லேப்டாப்புல ரெண்டு மூணு யூசர் அக்கவுண்ட் இருந்தா ஒவ்வொண்ணுக்குள்ளயும் போயி தனித்தனியா எடுக்கணும், உங்களோடதுல எடுத்தா அவங்களோடது போகாது.

7. சென்சாரயே சாத்தணும்னா

யாரும் மறுபடி பதிஞ்சிரக் கூடாதுன்னு நினைச்சா டிவைஸ் மேனேஜர் தொறங்க, "பயோமெட்ரிக் டிவைசஸ்"னு ஒரு வரி இருக்கும், விரிச்சு உள்ள இருக்குற சென்சார் மேல ரைட் க்ளிக், "டிசேபிள் டிவைஸ்". "அன்இன்ஸ்டால்" பண்ணாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணதும் விண்டோஸ் அதுவா திரும்ப போட்டுக்கும், நீங்க எடுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க.

ஆதார் வேலைக்கு வெளி ரேகை மெஷின் சொருகி வச்சிருக்குறவங்க, அந்த மெஷினும் இதே லிஸ்ட்ல தெரியலாம், அத உருவிட்டு பாருங்க, எது மிச்சம் இருக்கோ அதுதான் லேப்டாப்போடது. மாத்தி டிசேபிள் பண்ணிட்டு காலைல வரிசையில நிக்கிற ஆளுங்ககிட்ட திட்டு வாங்காதீங்க.

விண்டோஸ் ப்ரோ வச்சிருந்தா குரூப் பாலிசியில பயோமெட்ரிக்ஸ்ங்கற எடத்துல மொத்தமா தடுக்கலாம், ஹோம்ல அந்த எடிட்டர் கெடையாது, அத எப்பிடியாச்சும் வரவைக்கிறேன்னு வீடியோ பாத்து கண்டத ஓட்டாதீங்க.

பிசினஸ் மாடல் சிலதுல பயாஸ்லயே ரேகைக்கு ஆன்-ஆஃப் இருக்கு. திங்க்பேடுல எஃப்1, டெல்லுல எஃப்2, ஹெச்பியில எஃப்10 வழக்கமா உள்ள போக விடும். ஆனா அங்க போறதுக்கு முன்னாடி 48 நம்பர் கீ பேப்பர்ல இருக்கணும், பிட்லாக்கர் ஆன்ல இருந்தா தற்காலிகமா சஸ்பெண்ட் பண்ணிட்டு போங்க. எனக்கு கேட்டா வீட்டு லேப்டாப்புக்கு இந்த அளவு வேண்டாம்.

ஆபீஸ் லேப்டாப்புல பட்டன் எல்லாம் மங்கி, உங்க நிறுவனம் நிர்வகிக்குதுன்னு சிவப்புல ஒரு வரி வந்தா அது உங்க கையில இல்ல, ஆபீஸ் ஐடி ஆளுங்ககிட்டதான் கேக்கணும்.

8. உபுண்டு, மேக் வச்சிருக்குறவங்க

என் கொழுந்தன் உபுண்டு. அதுல செட்டிங்ஸ், சிஸ்டம், யூசர்ஸ், அங்க "ஃபிங்கர்பிரிண்ட் லாகின்"னு இருக்கும், உள்ள போயி பதிஞ்ச விரல டிலீட் பண்ணிட்டா முடிஞ்சது. லாகினுக்கு மட்டுமில்லாம டெர்மினல்ல சுடோ போடும்போதும் விரல கேட்டு நச்சரிக்குதுன்னா, டெர்மினல்ல சுடோ போட்டு பாம்-ஆத்-அப்டேட் (pam-auth-update) ஓட்டுனா ஒரு லிஸ்ட் வரும், அதுல ஃபிங்கர்பிரிண்ட் வரியில ஸ்பேஸ் அழுத்தி டிக்க எடுத்துட்டு ஓகே. பக்கத்துல யுனிக்ஸ் ஆதென்டிகேஷன்னு ஒரு வரி இருக்கும், அத தொடவே தொடாதீங்க, அதுதான் உங்க பாஸ்வேர்டு. அத எடுத்தா வீட்டுக்கு வெளிய நிக்க வேண்டியதுதான்.

மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ்ல டச் ஐடி அண்ட் பாஸ்வேர்டு, அன்லாக்குக்கு உள்ள சுவிட்ச ஆஃப் பண்ணாலே போதும்.

9. ஏற்கனவே வெளிய மாட்டிக்கிட்டீங்கன்னா

பின்ன தப்பு தப்பா அடிக்கிறத மொதல்ல நிறுத்துங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டு, கைய சோப்பு போட்டு கழுவி நல்லா துடைச்சு, உள்ளங்கைய தேச்சு சூடாக்கிட்டு விரல வச்சு பாருங்க. நம்ம பக்கம் ஆடி மழையில ஈரக் கையோட வச்சா எடுக்காது, ரேகையோட பள்ளத்துல தண்ணி நின்னா சென்சாருக்கு மேடு பள்ளம் வித்தியாசமே தெரியாது. காய் எடுத்த கையில கறை பிடிச்சு கறுத்து இருந்தாலும் தகராறு பண்ணும். சென்சார் மேல உள்ள பிசுக்கையும் காஞ்ச துணியில துடைங்க. பதிஞ்ச வேற விரல், வேற ஆள் யாராவது இருக்காங்களான்னு யோசிங்க, எனக்கு அதுதான் கை குடுத்துச்சு.

எப்பிடியாவது ஒரு தடவை உள்ள போயிட்டீங்கன்னா, உடனே செய்ய வேண்டியது: ஃபைல் காப்பி, அப்புறம் 5-ல சொன்ன சுவிட்ச ஆஃப் பண்ணி பாஸ்வேர்டு லாகின் வருதான்னு பாக்குறது. நான் என்ன பண்ணேன்னா, சுவிட்ச் பத்தி தெரியாம, லேப்டாப் லாக்கே ஆகக் கூடாதுன்னு ஸ்லீப்ப எல்லாம் நெவர்னு வச்சு, மூடாம நாலு நாள் தொறந்தே வச்சிருந்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் பேட்டரி பர்சன்ட் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன், அத்தை வேற "கைப்புள்ளைய பாத்துக்குற மாதிரி பாத்துக்குறா"ன்னு சொல்லிக் காட்டுனாங்க. 19-ஆம் தேதி ஜிஎஸ்டி போட்டு முடிச்சேன், அன்னைக்கே நம்பர் மாத்தவும் எழுதி குடுத்தேன். அஞ்சாம் நாள்தான் சின்னம்மா பையன் அந்த சுவிட்ச காட்டி குடுத்தான். 30 நாள் கழிச்சு புது நம்பர் ஏறிச்சு, பின்ன புதுசா போட்டேன், அதுக்கப்புறம்தான் தைரியமா ரேகைய ரிமூவ் பண்ணேன்.

உள்ள போகவே வழியில்லன்னா மட்டும் கடை. பில்லோட போங்க, "டேட்டா போகுமா போகாதா"ன்னு மொதல்லயே கேளுங்க.

செலவு, நேரம்

நீங்களே பண்ணா காசு எதுவும் இல்ல. 1-ல இருந்து 5 வரைக்கும் சாவகாசமா பண்ணா அரை மணி நேரம், ஃபோன் நம்பர் சிக்கல் இருந்தா அதுக்கு மேல 30 நாள். எனக்கு ஆனது: பஸ் செலவு, ஒரு நாள் பொழப்பு, அந்தத் தம்பிக்கும் அவரோட கூட வேலை பாக்குறவங்களுக்கும் சேத்து பழம்பொரி, சாயா. கடையில விசாரிச்சப்ப ஒருத்தர் ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட 1,200 சொன்னாரு, இன்னொருத்தர் "டேட்டா போகாம தொறந்து தரேன் 2,500"ன்னு சொன்னாரு, எப்பிடின்னு கேட்டா "அது டெக்னிக்கல்"ன்னாரு, நான் லேப்டாப்ப அவர் கையில குடுக்கல.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ரேகைய எடுத்த பிறகும் பெரிய அப்டேட் ஏதாச்சும் வந்தா, காலைல தொறந்ததும் முழு ஸ்க்ரீனுக்கு "உங்க டிவைஸ செட்டப் பண்ணி முடிப்போம்"ங்கற மாதிரி ஒண்ணு வந்து, முகம் வைக்கிறீங்களா ரேகை வைக்கிறீங்களான்னு கேக்கும். தூக்கக் கலக்கத்துல நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டி திரும்ப பதிஞ்சிராதீங்க, கீழ ஓரத்துல "ஸ்கிப்"னோ "ரிமைண்ட் மீ"னோ சின்னதா இருக்கும், அத தட்டுங்க.